தண்டல் வீட்டுக்கு நற்கருணை

நான் கொஞ்சம் அருவருப்பு பார்க்கிறவன். பந்தியில் பக்கத்து இலைக்காரர் இருமினால் அத்தோடு என் சாப்பாடு முடிந்தது. துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் எனக்குக் காகிதம் பார்க்கிற வேலை. அங்கே எனக்கென்று தனி டம்ளர் வைத்திருக்கிறேன். அதையும் குடிக்கும் முன் ஒரு தடவை கழுவுவேன். "இப்படிக் கையக் கழுவிக் கழுவி ஒருநாள் ரேகையெல்லாம் போயிரும். ரேஷன் கடையில மெஷின்ல வெரல வச்சா ஆளே இல்லன்னு சொல்லப் போவுது" என்பாள் என் மனைவி.

இப்படிப்பட்ட என்னைத்தான் எங்கள் பங்குத்தந்தை நற்கருணைப் பணியாளராகப் போட்டார். "நீங்கதான் அண்ணாச்சி சுத்தபத்தமா இருப்பிய" என்று என் வியாதியையே தகுதியாகச் சொன்னார். எங்கள் பங்கில் கோயிலுக்கு வர முடியாமல் படுத்துவிட்டவர்கள் நிறையப் பேர். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை காலைப் பூசை முடிந்ததும், பூசையில் வைத்த அப்பத்தை ஒரு சிறிய சிமிழில் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போய்க் கொடுக்க வேண்டும். என் பட்டியலில் ஐந்து வீடு இருந்தது.

எங்களுக்கு அது வெறும் அப்பமில்லை. அடையாளமும் இல்லை. ஆண்டவருடைய உடல். அதனால் சிமிழைத் துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிச் சட்டைக்குள் வைத்துக்கொள்வேன். போகிற வழியில் நின்று ஊர்க்கதை பேசக் கூடாது. அந்தக் காலத்தில் சாமியார் மணியடித்துக்கொண்டு நடந்து போவாராம், பார்க்கிறவர்களுக்கே விஷயம் புரிந்துவிடுமாம். நான் போவது ஸ்கூட்டரில், ஹெல்மெட்டோடு. எங்கள் தெரு முக்கில் மீன் விற்கிற அக்கா "அண்ணாச்சி, சாளை வந்திருக்கு" என்று கூப்பிட, நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் போக, எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று முடிவு கட்டி அவள் மூன்று மாதம் எனக்கு நல்ல மீனே தரவில்லை. காரணம் தெரிந்ததும், "அத அன்னைக்கே வாயத் தெறந்து சொல்லியிருக்கலாம்லா" என்று திட்டினாள். வாயைத் திறக்கக் கூடாது என்பதுதானே காரணம்.

கடவுளைப் பற்றி எனக்குச் சந்தேகம் எதுவும் இருந்ததில்லை. ஞானோபதேச வகுப்பில் படித்தது அப்படியே மனப்பாடம். அவருக்குத் தொடக்கம் இல்லை, முடிவு இல்லை, உடம்பு இல்லை, அவர் இல்லாத இடம் இல்லை. அப்படிப்பட்டவர் மனிதனாகப் பிறந்தார் என்பதையும், பாதிப் பாதியாக இல்லாமல் முழுக் கடவுளாகவும் முழு மனிதனாகவும் இருந்தார் என்பதையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அந்த மனிதனை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றியது, திருவிழாவுக்குப் புதுப் பெயின்ட் அடித்து வைத்த சுரூபம்தான். வியர்க்காத, இருமாத, மூக்குச் சிந்தாத ஒரு மனிதர். இதில் ஏதோ குறை இருக்கிறது என்று எனக்குப் பட்டதே இல்லை.

ஐந்தாவது வீடு தண்டல் வீடு. தோணியை நடத்திப் போகிற தலைவரை எங்கள் ஊரில் தண்டல் என்பார்கள். இவர் வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குத் தோணி கொண்டு போனவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. எதைச் சொல்ல வந்தாலும் "ம்மா, ம்மா" என்றுதான் வரும். மனைவி காலமாகிவிட்டார், ஒரே மகன் துபாயில். பார்த்துக்கொள்வது மருமகள்.

அவள் ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் நெல் போடுகிற வீட்டுப் பெண். காதல் கல்யாணம். பிஷப்பிடம் அனுமதி வாங்கிக் கோயிலில் வைத்துத்தான் தாலி கட்டினார்கள். ஆனால் அவள் ஞானஸ்நானம் வாங்கிக்கொள்ளவில்லை. அந்தக் கோபத்தில் தண்டல் இரண்டு வருடம் அவளோடு பேசவில்லை என்று தெருவில் சொல்வார்கள். மனசு மாறி அவர் பேச நினைத்திருந்தாலும், அதற்குள் பேச்சே போய்விட்டது.

முதல் தடவை போகுமுன் அவளுக்குப் போனில் சொல்லியிருந்தேன். ஒரு சின்ன மேசை, வெள்ளைத் துணி, மெழுகுதிரி, சிலுவை, ஒரு டம்ளர் தண்ணீர், இவ்வளவு போதும் என்று. போனால் வாசலில் ஈரம் காயாத கோலம். மேசையில் சிலுவைக்கு மல்லிகைச் சரம், உடைத்த தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, தட்டில் கொளுத்தத் தயாராகச் சூடம்.

"சாமி வீட்டுக்கு வாரதுன்னு சொன்னிய. சும்மா எப்படி அண்ணாச்சி கூப்புடதுக்கு?" என்றாள்.

சூடம் மட்டும் வேண்டாம் என்றேன். அதையும் கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். என் மற்ற நான்கு வீடுகளில் இரண்டில், நான் உள்ளே நுழைந்த பிறகுதான் டி.வி.யை நிறுத்துவார்கள். அதை அவளிடம் சொல்லவில்லை.

"எங்க ஊர்ல பெருமாள் பெரிய ஆளுல்லா. நாங்க தூரத்துல நின்னு கும்புட்டுட்டு வந்திருவோம். உங்க சாமி ஸ்கூட்டர்ல வாராவ" என்றாள். கிண்டல் செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. அவளுக்கு அது உண்மையிலேயே ஆச்சரியமாக இருந்தது.

ஆறேழு மாதம் ஒழுங்காகப் போயிற்று. புதன்கிழமையே தண்டலுக்கு வெள்ளிக்கிழமை வந்துவிடும். இடது கையால் கன்னத்தைத் தடவித் தடவிக் காட்டுவாராம், சவரம் செய்துவிடச் சொல்லி. மருமகள்தான் செய்துவிடுவாள். நான் போகும்போது வெள்ளைச் சட்டையோடு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். நாக்கில் ஒரு சின்னத் துண்டை வைத்து ஒரு ஸ்பூன் தண்ணீர் விடுவேன். விழுங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். அந்தக் கொஞ்ச நேரம் அவர் முகத்தில் நோயாளியே இருக்க மாட்டார்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்கு அவருக்குச் சளி கட்டியிருந்தது. அப்பத்தில் நகக்கண் அளவு பிட்டு நாக்கில் வைத்தேன். "கிறிஸ்துவின் திருவுடல்" என்றேன். "ம்மா" என்றார். ஆமென் என்பதும் அவருக்கு அப்படித்தான் வரும். அடுத்த நொடி இருமல் பிடித்துக்கொண்டது. நெஞ்சுக்கூடே கழன்றுவிடும் போல ஓர் இருமல். மருமகள் சட்டென்று கையை நீட்டினாள். அவள் உள்ளங்கையில் வந்து விழுந்தது: சளி, காலையில் குடித்த கஞ்சி, நடுவில் வெள்ளையாக அந்தத் துண்டு.

நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன். முதுகு அலமாரியில் இடித்தது.

இப்படி நடந்தால் என்ன செய்வதென்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். பணியாளரே அதை உண்டுவிடலாம். முடியாவிட்டால் தண்ணீரில் கரையவிட்டுக் கால் படாத மண்ணில் ஊற்றலாம். முதல் வழியைச் சொன்னபோதே எனக்குக் குமட்டிவிட்டது. நமக்கு இரண்டாவதுதான் என்று அங்கேயே முடிவு செய்திருந்தேன்.

"அந்தத் தண்ணியில போடும்மா" என்றேன், அலமாரிப் பக்கம் நின்றபடியே. போட்டாள். கையையும் அதிலேயே கழுவச் சொன்னேன். கழுவினாள். கரைந்த பிறகு பின்பக்கம் செம்பருத்தி வைத்திருந்த தொட்டியில் ஊற்றச் சொன்னேன். ஊற்றிவிட்டு வந்து, மாமனாரின் வாயைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கிட மாட்டியளே?"

"கேளும்மா."

"அது நெசமாவே சாமிதானா?"

"அதுல என்ன சந்தேகம்?"

"பின்ன ஏன் அப்படிப் பின்னால போனிய?"

எனக்குச் சுருக்கென்றது. "இதெல்லாம் உனக்கு வெளங்காதும்மா" என்று சொல்லிவிட்டுச் சிமிழை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பதில் தெரியாத ஆண்பிள்ளை பெண்களிடம் சொல்கிற வாக்கியம் அது. நானும் என் பங்குக்கு அதைச் சொல்லிவிட்டேன்.

அன்று மாலையே பங்குத்தந்தையிடம் போனேன். தண்டலால் விழுங்க முடியவில்லை, ஆண்டவருக்கு அவமரியாதை நடக்கிறது, பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடலாம் என்றேன்.

"இன்னிக்கு மட்டும் முடியலையா, எப்பமும் முடியலையா?" என்று கேட்டார்.

"எப்பமும்தான், ஃபாதர்" என்றேன். கோயில் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, கண்ணைச் சிமிட்டாமல் பொய் சொன்னேன். "நீங்க நேர்ல பாக்கிறவரு. நீங்க சொன்னாச் சரி" என்றார். பட்டியலில் ஐந்தாவது பெயரை நானே அடித்தேன். கடவுளின் மரியாதையைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன்.

மருமகளிடம் போனில் சொன்னேன். இப்படிப்பட்ட நிலையில் இருக்கிறவர்கள் வாயால் வாங்க வேண்டியதில்லை, மனசால் ஆசைப்பட்டாலே போதும், திருச்சபையே அப்படித்தான் சொல்கிறது என்று விளக்கினேன். அதில் பொய் எதுவும் இல்லை.

"மனசால போதும்னா, உங்க சாமி எதுக்கு அண்ணாச்சி உடம்பு எடுத்து வந்தாவ?" என்றாள்.

லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அடுத்த முதல் வெள்ளியன்று நான்கு வீட்டோடு திரும்பி அலுவலகம் போனேன். பத்து மணிக்கு அவள் போன் செய்தாள். "செரச்சு வெள்ளச் சட்டை போட்டுவிடச் சொல்லி மாமா ஒரே அடம். போட்டு ஒக்கார வச்சிருக்கேன். வாசலையே பாத்துக்கிட்டு இருக்காவ. கஞ்சிக்கு வாயே தெறக்க மாட்டேங்காவ." ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போன் வந்தது. இன்னும் கஞ்சி இறங்கவில்லை, தண்ணீர் மட்டும் வாங்குகிறார், இப்படியே போனால் மூக்கில் குழாய் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் என்னைக் குறை சொல்லவில்லை. சேதி சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

நான் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்து என் மனைவி என்னவென்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். பொய் சொன்னதையும் சொன்னேன்.

"உங்களுக்கு அருவருப்பு. அதச் சொல்லிட்டுப் போக வேண்டியதுதான? அதுக்கு ஏன் ஆண்டவர இழுக்கிய?" என்றாள்.

அன்று மாலையே தண்டல் வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. கழுத்தில் சிமிழ்ப் பையின் கயிறு இல்லை என்று கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு கிழவர் அப்படித் திரும்பிக்கொள்வதைப் பார்ப்பது பெரிய வேதனை. என்னால்தான் இது என்று தெரிந்துகொண்டு பார்ப்பது அதைவிடப் பெரிய வேதனை.

"வார வெள்ளிக்கிழமைக்குள்ள நான் இவியள முழுங்க வச்சுக் காட்டுதேன். அதுக்குப் பெறகு கொண்டு வருவியளா?" என்று மருமகள் கேட்டாள். வருகிறேன் என்றேன்.

பிசியோதெரபி செய்ய வருகிற பெண் அவளுக்கு ஒரு வழி சொல்லித் தந்திருந்தாள். முகவாயை நெஞ்சோடு சேர்த்துத் தாழ்த்திக்கொண்டு விழுங்கினால் புரை ஏறாது. எதை வைத்துப் பழக்குவது? அப்பம் மாதிரியே நாக்கில் வைத்ததும் கரைகிற பண்டம் வேண்டும். அவள் நேராக பேக்கரிக்குப் போய் மக்ரூன் வாங்கி வந்துவிட்டாள். முந்திரியும் முட்டை வெள்ளையும் சீனியும் சேர்ந்த எங்கள் ஊர் மக்ரூனை வாயில் போட்டால் பல்லுக்கு வேலையே இருக்காது. தண்டலுக்குச் சர்க்கரை வியாதி வேறு. "டாக்டர்ட்ட மட்டும் சொல்லிராதிய" என்றாள்.

அலுவலகம் விட்டு வருகிற வழியில் நான் தினமும் அங்கே போனேன். கஞ்சிக்குத் திறக்காத வாய் மக்ரூனுக்குத் திறந்தது. எதற்காக இந்தப் பழக்கம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு துணுக்கு, ஒரு ஸ்பூன் தண்ணீர், "நாடியத் தாத்துங்க மாமா, இன்னும் கொஞ்சம், ஆங்." பாதி நேரம் இருமல்தான். வருவதையெல்லாம் அவள் கையிலேயே வாங்கினாள். துணியைத் தேடுகிற நேரத்தில் சேலைத் தலைப்பாலேயே துடைத்துவிடுவாள். மூன்றாம் நாள் அவருக்கே பசி எடுத்துக் கஞ்சியும் இறங்க ஆரம்பித்தது.

"உனக்கு அருவருப்பா இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லாம என்ன? மொதல்ல ரெண்டு நாள் எனக்குச் சோறே எறங்கல. பெறகு பழகிட்டு" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு அவளே கேட்டாள். "அண்ணாச்சி, கிறிஸ்மஸுக்குக் குடில் கட்டி உங்க சாமியக் கைப்பிள்ளையாப் படுக்கப் போடுதியள்லா. கைப்பிள்ளைன்னா பால் கக்கியிருப்பாவதான?"

"கக்கியிருப்பார்."

"சளி புடிச்சிருக்கும்."

"புடிச்சிருக்கும்."

"அவிய அம்ம தொடச்சுவிட்டிருப்பாவ. அவ்வளவுதான்." ஏதோ கறிக்கு உப்பு பார்த்துச் சொல்வது போலச் சொல்லிவிட்டு அடுத்த துணுக்கை எடுத்தாள். பிறகு, "மேல போன பெறகு அந்த உடம்ப என்ன செஞ்சாவ? எங்க சாமியெல்லாம் வந்த வேல முடிஞ்சதும் பழையபடி ஆயிருவாவ" என்று கேட்டாள்.

"இன்னும் வச்சிருக்கார்" என்றேன். "காயத்தோட வச்சிருக்கார்."

"அப்ப வலி மறந்திருக்காது" என்றாள்.

நான் எத்தனையோ வருடமாகப் பூசையில் நம்பிக்கை அறிக்கை சொல்கிறேன். மனிதனானார் என்ற இடத்தில் தலையையும் குனிகிறேன். ஒரு தடவைகூட மாதாவின் தோளில் அவர் கக்கிய பாலை நினைத்ததில்லை. எல்லாம் வல்லவர், ஒரு பெண் முகத்தைச் சுளிக்காமல் தன்னைத் துடைத்துவிடுவாள் என்று நம்பித் தன்னை முழுதாக அவள் கையில் கொடுத்திருக்கிறார். நான் அவரைத் தூசிபடாமல் பார்த்துக்கொள்வதாக நினைத்து, அவர் வந்த வழியையே அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. ஸ்கூட்டரைக் கிளப்பாமல் அந்த வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்று அழுதேன்.

வியாழக்கிழமை பங்குத்தந்தையிடம் போய் என் பொய்யைச் சொன்னேன். அவர் பட்டியலை வாங்கி, நான் அடித்த பெயரைக் கீழே திரும்ப எழுதிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை, அது மாதத்தின் முதல் வெள்ளி இல்லாததால், வேறு எந்த வீட்டுக்கும் போகாமல் அங்கே மட்டும் போனேன். கோலம், வெள்ளைத் துணி, மெழுகுதிரி. தண்டல் சவரம் செய்து, வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். பயந்திருந்தார் என்று அவர் இடது கை போர்வையைப் பிடித்திருந்த பிடியில் தெரிந்தது. எனக்கும் பயம்தான். செபம் சொல்லி முடித்துவிட்டுத் துண்டை நாக்கில் வைத்தேன். மருமகள் ஸ்பூனால் தண்ணீர் விட்டாள். நாடியைத் தாழ்த்தினார். தொண்டை ஏறியது. இருமிவிட்டார்.

இந்தத் தடவை நீண்டது என் கை. நான் நீட்டவேண்டும் என்று நினைத்து நீட்டவில்லை, நீண்டுவிட்டது. விழுந்தது சூடாக இருந்தது. அது சூடாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அப்படியே வாயில் போட்டுக்கொண்டேன். குமட்டவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும். கண்ணில் தண்ணீர் வந்தது, கஞ்சியின் உப்பு நாக்கில் தெரிந்தது. விழுங்கிவிட்டேன். மருமகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்டலும் பார்த்துக்கொண்டிருந்தார். அழப்போகிற மாதிரி அவர் வாய் கோணியது.

"ஒண்ணுமில்ல மாமா, இன்னும் இருக்கு" என்றேன். அதுவரை நான் அவரை மாமா என்று கூப்பிட்டதில்லை.

சிமிழிலிருந்து இன்னும் சின்னதாக ஒரு துண்டு பிட்டேன். "கிறிஸ்துவின் திருவுடல்." "ம்மா." மருமகள் தண்ணீர் விட்டாள். நாடியை நான் பிடித்துத் தாழ்த்தினேன். நாங்கள் மூன்று பேரும் மூச்சு விடவில்லை. குரல்வளை மேலே ஏறி, அங்கேயே நின்று, மெதுவாகக் கீழே இறங்கியது. இருமல் வருமோ என்று காத்திருந்தோம். வரவில்லை.

"காட்டுங்க மாமா" என்றாள் மருமகள்.

தண்டல் வாயைத் திறந்தார். எவ்வளவு முடியுமோ அவ்வளவு அகலமாக, பெருமையாகத் திறந்தார். நாங்கள் இரண்டு பேரும் குனிந்து உள்ளே பார்த்தோம். மிஞ்சியிருந்த மூன்று பல், ஒரு பக்கமாக இழுத்துக்கொண்ட நாக்கு, அதன்மேல் வெள்ளைப் படிவு, பின்னால் சிவந்த தொண்டை. வாடையும் அடித்தது. துண்டு இல்லை.

"உள்ள போயிட்டாவ" என்றாள்.

தண்டல் வாயை மூடவில்லை. நான் அப்படியே, அந்தத் திறந்த வாய்க்கு முன்னால், முழந்தாளிட்டேன்.